குனியாக் காய்ச்சல்

சின்னக் காஞ்சிபுரத்துக்கு வந்து பராங்குசம் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். மாத்திரை மாமா வீடு என்று கேளுங்கள், சின்னக் குழந்தைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விடும். மின்வாரியத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் தெருவில் அவருக்கு இருந்த மரியாதை மின்சாரத்தால் வந்ததல்ல, ஒரு பிஸ்கட் டின்னால் வந்தது.

டின் நிறைய மாத்திரை. அவருடைய மைத்துனர் மருந்துக் கம்பெனி ஒன்றின் பிரதிநிதி. காஞ்சிபுரம் பக்கம் வரும்போதெல்லாம் டாக்டர்களுக்குக் கொடுத்து மிஞ்சிய சாம்பிள்களை அக்கா வீட்டில் கொட்டிவிட்டுப் போவார். பராங்குசம் அந்தக் குவியலைப் பிரித்து, அடுக்கி, கூடவே வரும் துண்டுச்சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்து, தெருவுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். ஜுரமென்றால் பாராசிட்டமால். அசதியென்றால் பி காம்ப்ளெக்ஸ். வாய்ப்புண்ணுக்கும் பி காம்ப்ளெக்ஸ். பையன் கணக்கில் ஃபெயிலானாலும் பி காம்ப்ளெக்ஸ்தான். குழந்தைகளுக்கு ஆரஞ்சு வாசனை அடிக்கும் வைட்டமின் சி. சப்பிக்கொண்டே பள்ளிக்கூடம் போகும். யாரும் செத்துப்போகவில்லை என்பதால் கைராசிக்காரர் என்று பெயரும் வந்துவிட்டது.

அவர் மட்டும் அந்த டின்னிலிருந்து ஒரு மாத்திரையும் போட்டுக்கொண்டதில்லை. தேவைப்படவில்லை. கேட்டால் ஆகார நியமம் என்பார். வெங்காயம் பூண்டு கிடையாது, ஓட்டல் காபி கிடையாது, வெளியூர் போனால் வாழைப்பழமும் இளநீரும்தான். "உள்ள போறது சுத்தமா இருந்தா வெளியிலேர்ந்து ஒண்ணும் வராது" என்று சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவரின் வாயை ஒரு பார்வை பார்ப்பார். அந்த மனுஷர் நேற்று என்ன தின்றோம் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தவருக்கு இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் வந்து சேர்ந்தது. அந்த ஆடியில் ஊரையே ஒரு காய்ச்சல் பிடித்தது. காய்ச்சல் என்னவோ நாலைந்து நாளில் விட்டுவிடும், மூட்டுவலிதான் விடாது. நின்றவன் உட்கார முடியாது, உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியாது. பிள்ளையார்பாளையத்தில் நெசவுக்காரர்களுக்கு விரல் மடங்காமல் தறிச் சத்தமே நின்றுபோயிற்று. சிக்கன்குனியா என்று பேப்பரில் போட்டான்.

பேப்பரைப் படித்ததுமே பராங்குசத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"பேர்லயே இருக்கே" என்றார். "சிக்கன். அதைத் தின்னா குனிய முடியாது. சிக்கன், குனியா. இதுக்கு மேல யார் வந்து விளக்கணும்?"

அவருடைய ஒரே பெண் ஸௌம்யா விலங்கியல் படித்தவள். அது ஆப்பிரிக்க வார்த்தை, கொசு கடித்து வருவது, கோழிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். ஆப்பிரிக்காக்காரன் எதற்காக 'குனியா' என்று தமிழில் பேர் வைக்கிறான் என்று திருப்பிக் கேட்டார். தெருவுக்கும் அவர் சொன்னதுதான் பிடித்தது. கோழி தின்னாத தெருவுக்குக் காய்ச்சல் வராது என்பதைவிட நல்ல செய்தி வேறென்ன இருக்கிறது? எல்லோரும் ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்கினார்கள். கொசு வந்து போய்க்கொண்டிருந்தது.

ஸௌம்யாவுக்கு ஆனி மாதம்தான் நிச்சயதார்த்தம் ஆகியிருந்தது. பையன் பெயர் ஸ்ரீகர். செவிலிமேட்டில் வீடு, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை, கம்பெனி பஸ்ஸே வந்து ஏற்றிக்கொண்டு போகும். தட்டு மாற்றிக்கொண்டு, இவளுக்குப் புடவையும் அவனுக்கு வேஷ்டி அங்கவஸ்திரமும் ஆகி, ஐப்பசியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். ஸௌம்யாவுக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. சாயங்காலம் போன் அடித்தால் சமையலறையிலிருந்து ஓடிவருவாள். ராங் நம்பர் என்றால் முகம் தொங்கிப் போகும்.

ஆவணி பிறந்ததும் ஸ்ரீகருக்குக் காய்ச்சல் வந்தது. சிக்கன்குனியாதான் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

"கேன்டீன்" என்றார் பராங்குசம்.

அவருடைய மனைவி வரலக்ஷ்மி கறிகாய் நறுக்குவதை நிறுத்தினாள். "என்னது?"

"கம்பெனி கேன்டீன். எல்லாத்தையும் ஒரே கரண்டியால போடுவான். இவனும் தட்டை நீட்டியிருக்கான். இல்லாட்டா அந்த ஜுரத்துக்கு இவன் விலாசம் எப்படித் தெரியும்?"

அடுத்த வாரமே ஸ்ரீகரின் அப்பாவும் அம்மாவும் படுத்தார்கள். "அவாளும் கேன்டீன்ல சாப்பிட்டாளா?" என்று கேட்டாள் ஸௌம்யா.

"டப்பால எடுத்துண்டு வந்திருப்பான்."

அன்றைக்கே செவிலிமேட்டுக்குப் போன் பண்ணி, கல்யாணத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம் என்று சொன்னார். ஏன் என்று சம்பந்தி கேட்டார். ஆகார விஷயமாகச் சில சந்தேகங்கள் இருக்கின்றன என்றார் இவர். காய்ச்சலில் கிடக்கும் மனுஷரிடம் போய்ப் பேசுகிற பேச்சா இது? அந்தப் பக்கத்திலிருந்து போனை வைக்கிற சத்தம்தான் கேட்டது.

ஸௌம்யா அழவில்லை. நேரே அப்பா எதிரில் வந்து நின்றாள். "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. அவர் அப்படிப்பட்டவர் இல்லைன்னு உங்களுக்கும் தெரியும். நீங்க பண்றது அநியாயம்ப்பா." அதற்குப் பிறகு அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டில் சாதம் போடுவாள், சாத்தமுது விடுவாள், போதுமா என்றுகூடக் கேட்காமல் போய்விடுவாள். பராங்குசம் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

புரட்டாசியில் ஒரு காலை அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

உடம்பு கொதித்தது. கணுக்கால் வீங்கியிருந்தது. முழங்காலுக்குள் யாரோ மண்ணைப் போட்டு அரைப்பதுபோல் இருந்தது. பல் தேய்க்கப் பிரஷ்ஷைப் பிடித்தால் பிரஷ் நழுவியது. என்ன வியாதி என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெருவுக்கே விளக்கம் சொன்னவர் அல்லவா.

"ஏன்னா, உங்களுக்கும் அதேதான்" என்றாள் வரலக்ஷ்மி.

"வாதம்" என்றார் அவர்.

டாக்டரிடம் போகவில்லை. போனால் சீட்டில் அந்தப் பேரை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிடுவார். பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தார். பாராசிட்டமால் ஒன்றுகூட இல்லை. ஏன் இல்லை என்று யோசித்தபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. கொஞ்ச நாளாகவே தெருவில் பலருக்கும் சுளுக்கு. மேலண்டை வீட்டுக்காரருக்குப் படி தடுக்கிச் சுளுக்கு, அவர் மனைவிக்குக் குடம் தூக்கிச் சுளுக்கு, கோடி வீட்டில் மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் சுளுக்கு. எல்லோரும் வந்து பாராசிட்டமால்தான் வாங்கிக்கொண்டு போனார்கள். அப்போது அவர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இப்போதும் நினைக்க விரும்பவில்லை.

தெருமுனை மருந்துக் கடைக்குப் போனால் ஊர் பூராவும் தெரிந்துவிடும். அதனால் பெருமாள் சேவிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் திருப்புட்குழிக்குப் பஸ் ஏறினார். ஏறினார் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன். கண்டக்டர் ஒரு கையும் பின்னால் நின்றவர் ஒரு கையும் கொடுத்தார்கள். அங்கே வேல்முருகன் என்பவனின் மருந்துக் கடை இருந்தது. அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலத்தில் ஒரு பகுதியை விற்றுக் கடை போட்டவன். நல்ல வியாபாரி.

"இன்னா சாமி, சிக்கன்குனியாவா?" என்றான், பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும்படி.

"மெதுவாப் பேசுப்பா. எனக்கில்லை. தெரிஞ்சவா ஒருத்தருக்கு."

"அவருக்கு எங்கெங்க வலி?"

"முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு."

"செரி, அந்தத் தெரிஞ்சவர இப்டி ஸ்டூல்ல குந்தச் சொல்லுங்க. நின்னுக்கினு இருந்தா இன்னும் வீங்கும்."

பராங்குசம் குந்தினார். வேல்முருகன் எடுத்து வைக்க ஆரம்பித்தான். பாராசிட்டமால். தண்ணீரில் கலக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம். கால்சியம். துத்தநாகம் சேர்ந்த வைட்டமின் மாத்திரை. பச்சை நிறத்தில் ஒரு தைலம், மஞ்சள் நிறத்தில் ஒரு தைலம். இது எதற்கு, அது எதற்கு என்று இவர் கேட்டதற்கெல்லாம், எல்லாரும் வாங்கிக்கினு போறாங்க சாமி என்பதுதான் பதில். கடைசியாக ஒரு பெரிய டப்பாவைத் திறந்து, தங்கமாக மின்னும் குளிகைகளைக் கையால் அள்ளிக் காகிதக் கவரில் போட்டான்.

"இது என்னப்பா?"

"காட் மாத்திரை. மூட்டுக்கு இத வுட்டா வேற கெடையாது."

"என்ன மாத்திரை?"

"காட், சாமி. காட்."

துண்டுச்சீட்டு இல்லை. கம்பெனி பேர் இல்லை. வேறொரு சமயமாக இருந்தால் பராங்குசம் அதைத் தொட்டிருக்க மாட்டார். ஆனால் பேர்லயே இருக்கே. வெள்ளைக்காரன்கூட ஒரு மருந்துக்குப் பகவான் பேரை வைத்திருக்கிறான் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. வலியாலும் இருக்கலாம்.

வீட்டில் ரகசிய வைத்தியம் நடந்தது. பாராசிட்டமால் போட்டால் கொஞ்ச நேரம் காய்ச்சல் இறங்கும். கால்சியத்தாலும் வைட்டமினாலும் ஒன்றும் ஆகவில்லை. தைலங்களால் வீடு மணத்தது. வரலக்ஷ்மி தன் பங்குக்கு நிலவேம்பைக் காய்ச்சி, வாதத்துக்கு நல்லது என்று சொல்லி நீட்டினாள். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். காட் மாத்திரையை மட்டும் காலையில் திருமண் இட்டுக்கொண்டபின், கிழக்கே பார்த்து நின்று, துளசித் தீர்த்தத்தோடு விழுங்கினார்.

கோயிலில்தான் மாட்டிக்கொள்வோம் என்று பயந்தார். சடாரி சாதிக்கும்போது தலையைத் தாழ்த்த வேண்டும், தீர்த்தம் வாங்கக் குனிய வேண்டும். அவரோ கொடிக்கம்பம்போல் நின்றார். அர்ச்சகர் எம்பிச் சடாரியை வைத்துவிட்டுப் போனார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பராங்குசம் எப்போது யாருக்குக் குனிந்திருக்கிறார்?

ஒரு விஷயம் மட்டும் அவருக்கே புரியவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டால் ஏப்பம் வந்தது. அந்த ஏப்பத்தில் பாசி பிடித்த குளத்து வாடை அடித்தது. அதோடு, இதுவரை அந்த வீட்டை எட்டிப் பார்க்காத தெருப்பூனை ஒன்று தினமும் வந்து அவர் காலடியில் உட்கார ஆரம்பித்தது. அவர் ஏப்பம் விட்டால் தலையைத் தூக்கிப் பார்த்தது. பூனைக்கும் பக்தி உண்டு என்று அவர் எடுத்துக்கொண்டார்.

புரட்டாசி முடிவதற்குள் ஒரு நாள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஸ்ரீகர் இறங்கினான். இளைத்துப் போயிருந்தான். கையில் தட்டு, நிச்சயதார்த்தத்தன்று இந்த வீட்டிலிருந்து போன அதே தட்டு, அதே வேஷ்டி அங்கவஸ்திரம், மடிப்புக் கலையாமல்.

"அப்பா கொடுத்துட்டு வரச் சொன்னார் மாமி" என்றான் வரலக்ஷ்மியிடம். "இழுபறியா வெச்சுக்க வேண்டாமாம். அவாளால எழுந்திருக்க முடியலை. அதான் நான் வந்தேன்."

சமையலறை வாசலில் ஸௌம்யா நின்றுகொண்டிருந்தாள். அந்தத் தட்டு இந்த வீட்டிலேயே தங்கிவிட்டால் கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் கண் தட்டைவிட்டு நகரவில்லை.

ஸ்ரீகர் தட்டைக் கூடத்தில் தரையில் வைத்தான். சம்பந்தம் முறிந்தாலும் பெரியவர் பெரியவர்தான். சேவிக்காமல் போனால் முறையில்லை. இந்த வீட்டு வழக்கம் நாலு தரம். மெதுவாக மண்டியிட்டான், கையை ஊன்றினான், விழுந்தான். விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. முதல் தரத்திலேயே நின்றுபோயிற்று.

"ஒரு நிமிஷம் மாமா" என்றான், தரையைப் பார்த்தபடி.

பராங்குசத்துக்கு அந்த வலி தெரியும். முழங்காலில் எந்த இடத்தில் பிடிக்கிறது, ஊன்றினால் மணிக்கட்டில் எப்படிச் சுருக்கென்று ஏறுகிறது என்று அங்குலம் அங்குலமாகத் தெரியும். மனசு கேட்கவில்லை. தன் உடம்பை மறந்து, பையனைத் தூக்கிவிடக் குனிந்தார். பாதி தூரம் போனார். அதற்கு மேல் கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. "அம்மாடி" என்ற சத்தம் அவர் வாயிலிருந்துதான் வந்தது.

பராங்குசத்தை வரலக்ஷ்மி நிமிர்த்தினாள். ஸ்ரீகரை ஸௌம்யா தூக்கினாள். இரண்டு பேரையும் இரண்டு நாற்காலியில் உட்காரவைத்து முடித்தபோது எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

அதன் பிறகு ஸௌம்யா வாயைத் திறந்தாள். கல்யாணம் நின்றதிலிருந்து அப்பாவிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

"அப்பா, நீங்க எந்தக் கேன்டீன்ல சாப்பிட்டேள்?"

"வாதம்" என்றார் பராங்குசம். அவருக்கே அது கேட்கவில்லை.

ஸ்ரீகர் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். பார்க்கப் பாவமாக இருந்தது. பராங்குசம் என்ன இருந்தாலும் மாத்திரை மாமா. எதிரில் ஒருவன் வலியில் உட்கார்ந்திருக்கும்போது சும்மா இருக்க அவரால் ஆகாது. மடியிலிருந்து காகிதக் கவரை எடுத்துப் பிரித்து, ஒரு தங்கக் குளிகையை நீட்டினார்.

"இதைப் போட்டுண்டு பாருங்கோ. கொஞ்சம் தேவலையா இருக்கும்."

ஸ்ரீகர் வாங்கிப் பார்த்தான். "இதைக் கடையில எனக்கும் கொடுத்தா மாமா. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"ஏன்?"

அவன் தயங்கினான். ஸௌம்யாவைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"நான் மீன் சாப்பிடறதில்லை."

பராங்குசம் சிரிக்கப் பார்த்தார். "மீனா? இது காட் மாத்திரை."

ஸௌம்யா அதை வாங்கி முகர்ந்தாள். "காட்னு ஒரு மீன் இருக்குப்பா. அதோட ஈரல்லேர்ந்து எடுக்கற எண்ணெய்" என்றாள். "சிக்கன்குனியால சிக்கன் கிடையாது. ஆனா இதுல மீன் இருக்கு. பேர்லயே இருக்கே."

பராங்குசம் கீழே பார்த்தார். பூனை வழக்கமான இடத்தில் உட்கார்ந்து அவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. இதுவரை எத்தனை போட்டுக்கொண்டோம் என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். துளசித் தீர்த்தம் நினைவுக்கு வந்தது. கிழக்கே பார்த்து நின்றது நினைவுக்கு வந்தது. அவமானமாக இருந்தது. அதைவிட, தான் குற்றம் சொல்லிக் கேவலப்படுத்தின பையன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, ஒரு வார்த்தை குத்திப் பேசாமல், அந்தக் குளிகையைப் பத்திரமாகக் கவருக்குள் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது தாங்கமுடியாமல் இருந்தது.

"மாப்பிள்ளை" என்றார்.

சமையலறைக்குப் போகத் திரும்பிய வரலக்ஷ்மி அப்படியே நின்றாள்.

"அந்தத் தட்டை எடுத்துண்டு போங்கோ. அது உங்காத்துல இருக்க வேண்டியது. அப்பாகிட்ட நானே வந்து மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

தட்டு தரையில் இருந்தது. ஸ்ரீகர் அதைப் பார்த்தான். பராங்குசமும் பார்த்தார். இரண்டு பேரும் நகரவில்லை. ஸௌம்யா வந்து, குனிந்து, தட்டை எடுத்து ஸ்ரீகரின் கையில் வைத்தாள். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அவள் தட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

பராங்குசம் செவிலிமேட்டுக்குப் போனார். அங்கே யாருக்கும் குனிய முடியாததால் சேவிக்கிற சம்பிரதாயம் இரு தரப்பும் பேசி ஒத்திவைக்கப்பட்டது. மன்னிப்பு மட்டும் நின்றுகொண்டே கேட்டார். மீன் விஷயத்துக்காகப் பஞ்சகவ்யமும் சாப்பிட்டார். அதற்குச் சீட்டு தேவையில்லை. கல்யாணம் தைக்குத் தள்ளிப்போயிற்று. கூறைப்புடவை நெய்கிறவருக்கு விரல் மடங்கவேண்டுமே.

தையிலும் பராங்குசத்துக்கு முழங்கால் முழுசாகச் சரியாகவில்லை. மாப்பிள்ளைக்குக் கால் அலம்பும் சடங்கு வந்தது. பெண்ணின் அப்பா குனிந்துதான் செய்ய வேண்டும், வேறு வழியில்லை. ஸ்ரீகரை ஒரு உயரமான பெஞ்சில் ஏற்றினார்கள். இவர் கீழே ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். அப்போதும் எட்டவில்லை. மண்டபத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது.

"என்ன பராங்குசம், சுளுக்கா?" என்று கரிசனமாகக் கேட்டார் மேலண்டை வீட்டுக்காரர்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஸ்ரீகர் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஸௌம்யா கூறைப்புடவையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளும் ஒன்றும் சொல்ல மாட்டாள். பராங்குசம் சொம்பைக் கீழே வைத்தார்.

"சிக்கன்குனியா" என்றார், மண்டபம் முழுவதும் கேட்கும்படி. "எனக்குத்தான். கொசு கடிச்சு வந்தது."

நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார். மேலண்டை வீட்டுக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி கோடி வீட்டுக்காரியைப் பார்த்தாள். பிறகு மேலண்டை வீட்டுக்காரர், உட்கார்ந்தபடியே, தன் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் அதேதான் ஓய்" என்றார். "ஆவணிலேர்ந்து."